டிஸ்கவரிக்குத் தடை: அடுத்து என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் கோடராக (சிகிச்சைக்கு ஏற்ற எண்ணைப் பில்லில் குறிப்பவர்) இருந்தவர். 99213 என்ற கோட் போட வேண்டிய சாதாரண ஃபாலோ-அப்பை, கட்டணம் அதிகமான 99214 என்று உயர்த்தி அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் வாங்குகிறார்கள் என்று, அரசை ஏமாற்றிப் பணம் பெறுவதைத் தடுக்கும் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்தின்கீழ் அரசின் சார்பில் வழக்குப் போட்டார். அரசு வழக்கில் சேரவில்லை. மருத்துவமனை தள்ளுபடி மனு போட்டது. அது முடியும்வரை டிஸ்கவரியை (எதிர்தரப்பிடம் ஆவணமும் சாட்சியமும் கேட்டுப் பெறும் கட்டத்தை) நிறுத்திவைத்திருக்கிறார் நீதிபதி. வழக்கு கைவிட்டுப் போகிறதா?

ஆர்., டல்லஸ்

அன்புள்ள ஆர்.,

இல்லை. தள்ளுபடி மனு போட்டதாலேயே ஃபெடரல் நீதிமன்றத்தில் டிஸ்கவரி தானாக நிற்காது. ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 26(சி)-யின்படி தக்க காரணம் காட்டித்தான் தடை வாங்க வேண்டும். மனு ஜெயித்தால் ஆவணம் தேடிய செலவெல்லாம் வீண், காத்திருப்பதால் அக்காவுக்குப் பெரிய நஷ்டமில்லை என்று நீதிபதிக்குத் தோன்றியிருக்கும். அரசு கேட்டு வாங்கும் நிறுத்தம் வேறு வகை: தன் விசாரணைக்கு இடைஞ்சல் என்று நீதிபதியிடம் தனியாகக் காட்டினால், முதலில் 60 நாள்வரை கிடைக்கும்.

கவலைப்பட வேண்டியது தள்ளுபடி மனுவைப் பற்றி. மோசடியை விவரமாகச் சொல்லச் சொல்கிறது விதி 9(பி). 'மிச்சத்தை டிஸ்கவரியில் காட்டுகிறோம்' என்றால் எடுபடாது. டெக்சாஸ் வழக்குகள் போகும் 5ஆம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2009இல் க்ரப்ஸ் வழக்கில் ஓரளவு இடம் கொடுத்தது: பில்லின் நகல் கையில் இல்லாவிட்டாலும், திட்டம் எப்படி நடந்தது என்ற விவரமும், பில் உண்மையில் போனது என்று நம்பவைக்கும் அடையாளங்களும் இருந்தால் போதும். ஆகவே அக்கா இப்போதே வக்கீலோடு உட்கார்ந்து, தெரிந்த ஒவ்வொரு விசிட்டுக்கும் தேதி, மருத்துவர், சார்ட்டில் இருந்தது, பில்லில் போன கோட், மாற்றச் சொன்னவர் என்று எழுதி வைக்கட்டும். திருத்திய புகார் மனுவுக்கு அனுமதி கிடைத்தால் இதுதான் உதவும். நோயாளி பெயர் வேண்டாம், எண் போதும். பழைய லாகினில் நுழைவதோ, உள்ளே இருக்கும் தோழியிடம் நகல் கேட்பதோ கூடவே கூடாது. எதிர்வழக்குக்கு அதுவே போதும்.

தடை நிறுத்துவது ஆவணம் கேட்பதைத்தான். ஆவணத்தைப் பாதுகாக்கும் கடமை அப்படியே இருக்கிறது. ஆனால் யாரும் வேண்டுமென்றே அழிக்காமலேயே தடயம் போய்விடும்: மெயில் தானாக அழியும், பில்லிங் மென்பொருள் மாறும்போது பழைய ஆடிட் லாக் கூடவே வராது. எந்த யூசர் எத்தனை மணிக்கு 99213-ஐ 99214 ஆக்கினார் என்பது அந்த லாகில்தான் இருக்கும். அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வக்கீல் எதிர்தரப்புக்குப் பாதுகாப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். மின் தகவலை அலட்சியமாக இழந்தால் விதி 37(இ)-யின்படி நீதிமன்ற நடவடிக்கை பாயும்.

கோடிங் வெளி நிறுவனத்திடம் இருந்தால் சிக்கல் கூடும். வழக்கில் தரப்பு அல்லாதவருக்கு, சப்போனா (ஆவணமோ சாட்சியமோ தரச் சொல்லும் ஆணை) வராதவரை, பொதுவாகப் பாதுகாக்கும் கடமை இல்லை. தடை இருக்கும்போது சப்போனாவும் அனுப்ப முடியாது. ஆவணத்தைக் கேட்காமல் அழிக்காதே என்று மட்டும் சொல்லும் சப்போனாவுக்கு மட்டும் தடையிலிருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம். அந்த நிறுவனம் சென்னையில் இருந்தால் அமெரிக்கச் சப்போனா அங்கே செல்லாது, வெளிநாட்டில் சாட்சியம் பெறுவதற்கான ஹேக் ஒப்பந்த வழி மிக மெதுவானது. ஒப்பந்தப்படி அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை மருத்துவமனைக்கு இருந்தால், அவை அதன் கட்டுப்பாட்டில் உள்ளவை, பாதுகாப்பதும் அதன் கடமை என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

நோய்வாய்ப்பட்ட சாட்சி யாராவது இருந்தால், அவருடைய டெபொசிஷனுக்கு (நீதிமன்ற விசாரணைக்கு முன்பே சத்தியம் செய்து தரும் வாக்குமூலத்துக்கு) மட்டும் இன்றே விலக்குக் கேட்கலாம். ஆவணக் கோரிக்கைகளையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; தடை நீங்கிய அன்றே அனுப்பினால், பதில் தர எதிர்தரப்புக்கு 30 நாள்.