கழிவுநீர்த் தொட்டி மிக்ஸர் அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: மாதவரத்தில் 120 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அனாக்ஸிக் (காற்று செலுத்தாத) தொட்டியில் மூழ்கியபடி கழிவுநீரைக் கலக்கும் மிக்ஸர் வாரம் இரண்டு முறை ட்ரிப் ஆகிறது. மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயின் அளவை எலக்ட்ரீஷியன் கூட்டி வைத்துவிட்டார். ஒப்பந்தக்காரர் பெரிய மிக்ஸர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ரிலேயை மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கே திருப்பி வையுங்கள். கூட்டி வைத்தால் காயில் எரிந்த பிறகுதான் விஷயமே தெரியவரும்.

அப்புறம் மெயினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொண்டு, மிக்ஸரைச் செயினோடு தூக்குங்கள். பெரும்பாலும் இறக்கையில்தான் கோளாறு இருக்கும். எண்ணூர் பக்கம் நான் பார்த்த ஒரு மிக்ஸரில் தலைமுடியும் வெட் வைப்ஸும் வடக்கயிறு போல முறுக்கிக் கிடந்தன. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். கழுவி இறக்கியதும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் மளமளவென்று இறங்கியது. கழிவுநீர் உள்ளே வரும் இடத்தில் குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பான பார் ஸ்க்ரீனைத் தினமும் வழித்தெடுக்கிறார்களா என்று ஒருநாள் நேரில் நின்று பாருங்கள்.

தூக்கியது தூக்கியாயிற்று, ஆயில் பிளக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள். எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி கலங்கியிருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. சீலை மாற்றி, மோட்டார் வைண்டிங்கின் இன்சுலேஷனை மெகர் என்ற கருவி வைத்துச் சோதிக்காமல் இறக்காதீர்கள். சமீபத்தில் கேபிள் வேலை நடந்ததா? ஃபேஸ் வயர்கள் இடம் மாறினால் இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றும். இறக்குவதற்கு முன் ஒரு விநாடி ஓட்டி, சுற்றும் திசையை மிக்ஸரில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள்.

மிக்ஸர் இல்லாத நாட்களில் காற்றடித்துக் கலக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அனாக்ஸிக் தொட்டிக்கு அது ஆகாது. அங்குள்ள பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்க ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது. அதனால்தான் காற்று சேராமல் கலக்கும் இந்த மிக்ஸரையே வைக்கிறார்கள்.

கடைசியாகச் செயின். தொட்டியிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் நம் வட சென்னைக் கடல்காற்றும் சேர்ந்து கால்வனைஸ்டு செயினை அரித்துவிடும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுச் செயின் போடுங்கள். செயின் அறுந்து மிக்ஸர் உள்ளே விழுந்தால், "ரெண்டே நிமிஷம் சார்" என்று யார் முன்வந்தாலும் இறங்க விடாதீர்கள். அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மேலே நின்றபடியே கொக்கி போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் லாரி வைத்துத் தொட்டியைக் காலி செய்து, வாயுமானியும் மூச்சுக்கருவியும் வைத்திருக்கும் பயிற்சி பெற்ற குழுவை அழையுங்கள்.