வாசகர் கேள்வி பதில்: குருதி தொடுவது தாவரத்தையா, மேற்பரப்பையா?

கேள்வி: என் தகப்பனார் கிழமைக்கு இருமுறை யாழ்ப்பாணத்தில் குருதிச் சுத்திகரிப்பு (டயலிசிஸ்) செய்து வருகிறார். குருதி ஓடும் குழாய்களுக்கும் கருவிகளுக்கும் தாவரப் பல்பகுதியங்களைப் (பொலிமர்) பூச்சாக இடும் ஆய்வுகள் நடப்பதாக வாசித்தேன். பருத்தி, சோளம், மரவள்ளி போன்றவற்றிலிருந்து வரும் பொருளை உடம்பு அந்நியமாக எண்ணாது என்று நம்பலாமா? குருதிப் புரதங்கள் அதில் ஒட்டுவது நல்லதா, கெட்டதா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: அப்படி நம்ப இடமில்லை. ஒரு பொருள் பருத்திக் காயிலிருந்து வந்ததா, மசகெண்ணெயிலிருந்து வந்ததா என்பது குருதிக்குத் தெரியாது. மேற்பரப்பில் நீர் எப்படித் தங்குகிறது, அங்கே என்ன மின்னேற்றம் இருக்கிறது, எந்த இரசாயனக் கூட்டங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பவையே குருதிக்குப் பொருட்டானவை. அதிலும், குழியங்கள் அந்த மேற்பரப்பை நேரடியாகத் தொடுவதே அரிது. குருதி பட்ட சில வினாடிகளுக்குள் புரதங்கள் அதன்மேல் ஒரு படலமாகப் படிந்துவிடுகின்றன. பின்னால் வரும் குழியங்கள் சந்திப்பது அந்தப் படலத்தைத்தான். ஆகவே புரதம் ஒட்டுகிறதா என்று கேட்பதைவிட, எந்தப் புரதம், எந்த வடிவத்தில் ஒட்டுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

குருதித் திரவவிழையத்தில் மிகுதியாக உள்ள புரதம் அல்புமின். ஒரு லீற்றரில் 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். குருதி உறைவதற்கு இழையாக மாறும் பைபிரினோஜன் 2 முதல் 4 கிராம் மட்டுமே. அல்புமின் சிறியது, விரைந்து நகர்வது. அதனால் முதலில் வந்து இடம் பிடிக்கிறது. ஆனால் பந்தியில் முந்தி அமர்ந்தவர் எழுந்து மற்றவருக்கு இடம் விடுவதுபோல, அது விலக, அதைவிட இறுக்கமாகப் பற்றக்கூடிய பைபிரினோஜன் அந்த இடத்துக்கு வருகிறது. பல மேற்பரப்புகளில் அதையும் சிறிது நேரத்தில் கினினோஜன் என்ற வேறொரு புரதம் அகற்றிவிடுகிறது. 1960களில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் லியோ வ்ரோமன். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குருதி ஆய்வாளரான அவர், டச்சு மொழியின் போற்றப்பட்ட கவிஞரும் ஆவார். இந்த இடமாற்றம் இன்றும் வ்ரோமன் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

அல்புமின் நிலைத்துத் தங்கினால் மேற்பரப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பைபிரினோஜன் தங்கினால் குருதிச் சிறுதட்டுகள் அதைப் பற்றிக்கொண்டு குவியத் தொடங்கும். சுத்திகரிப்பு முடிந்தபின் சில வேளைகளில் வடிகட்டியின் உள்ளே கருஞ்சிவப்புக் கோடுகள் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவை குருதி உறைந்து அடைபட்ட நுண்குழல்கள். அதைத் தடுப்பதற்காகவே ஹெப்பாரின் கொடுக்கிறார்கள்.

புரதம் ஏன் ஒட்டுகிறது என்பதற்கு வீட்டிலேயே ஒரு பாடம் உண்டு. சேம்பிலையில் விழுந்த நீர் முத்தாக உருளும்; தோய்த்துக் காய்ந்த பருத்தி வேட்டியில் விழுந்த நீர் உடனே பரவி ஊறிவிடும். சேம்பிலைபோல நீரை வெறுக்கும் மேற்பரப்பின் அருகே நீர் மூலக்கூறுகள் நெருக்கடிப்பட்டு ஒழுங்காக நிற்கின்றன. புரதம் வந்து ஒட்டும்போது அவை விடுபட்டுப் போவதால், அந்த ஒட்டுதல் இயல்பாகவே நடக்கிறது. ஒட்டிய புரதமோ, தன் உள்ளே மடித்து வைத்திருந்த நீர்வெறுப்புப் பகுதிகளை மேற்பரப்பின் பக்கம் திருப்பி மெல்ல விரிந்துகொள்கிறது. விரிந்தபின் அதைக் கழுவி எடுப்பது கடினம். குருதிக் கறை பட்ட துணியைச் சுடுநீரில் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதற்கு நெருங்கியதுதான்: வெப்பத்தில் வடிவம் குலைந்த புரதம் நூலைவிட்டு அகலாது.

மரவள்ளி, சோள மாப்பொருளை நொதிக்க வைத்துப் பெறும் பொலிலக்டிக் அமிலம் தாவர வழி வந்ததே என்றாலும், ஓரளவு நீர்வெறுப்புக் கொண்டது. அதில் புரதங்கள் நன்றாகவே ஒட்டும். உடம்புக்குள் கரையும் தையல் நூல்களுக்கு அது பொருந்தும், ஆனால் குருதி இடைவிடாது ஓடும் பரப்புக்கு அதை அப்படியே விடுவது ஏற்றதல்ல.

அப்படியானால் நீரை விரும்பும் செலுலோசு போதுமே என்று தோன்றும். இங்கேதான் வரலாறு நமக்குக் கண்டிப்பான ஒரு பாடத்தைத் தந்தது. 1943 இல் நெதர்லாந்தின் கம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் செய்த முதல் சுத்திகரிப்பு இயந்திரம், செலோபேன் எனும் செலுலோசால் ஆன சொசேஜ் உறைக் குழாயை உருளையில் சுற்றியே அமைந்தது. 1945 இல் 67 வயதுப் பெண் ஒருவர் அதனால் உயிர் பிழைத்தார். பின்னர் பருத்திச் செலுலோசிலிருந்து செய்த மென்சவ்வுகள் பல பத்தாண்டுகள் பயன்பட்டன. அவற்றில் ஒட்டிய புரதம் குறைவு. ஆயினும் சுத்திகரிப்புத் தொடங்கிய முதல் கால் மணி, அரை மணி நேரத்தில் நோயாளியின் வெண்குழியங்கள் பெருமளவு குறைவது 1968 இல் கண்டறியப்பட்டது. செலுலோசின் ஐதரொட்சைல் கூட்டங்கள், கிருமிகளை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் நிரப்பித் தொகுதிப் புரதங்களைத் தூண்டிவிட்டிருந்தன. தூண்டப்பட்ட வெண்குழியங்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் தேங்கின. சர்க்கரையலகுகளால் ஆன ஒரு தூய தாவரப் பொருள் இதைச் செய்தது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒட்டும் அளவு குறைவு என்பது மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. அந்த ஐதரொட்சைல் கூட்டங்களின் பெரும்பகுதியை அசற்றேற்றாக மாற்றியபோது தூண்டுதல் தணிந்தது. இன்று பெரும்பாலான வடிகட்டிகள் பொலிசல்போன் எனும் செயற்கைப் பல்பகுதிய வகையில் செய்யப்படுகின்றன. உங்கள் தகப்பனாரின் வடிகட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பது அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தாதியரிடம் கேட்டால் காட்டுவார்கள்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலத்தை எப்படி அளக்கிறார்கள்? – உயர்தர மாணவி, கோப்பாய்

பதில்: வழிகள் பல உண்டு, உங்கள் பாடத்துக்கு நெருங்கியது குவார்ட்சுப் பளிங்கு நிறுவை. மெல்லிய குவார்ட்சுத் தகட்டை வினாடிக்கு 50 இலட்சம் முறை அதிர வைத்து, அதன்மேல் ஆராய வேண்டிய பூச்சை இட்டு, புரதக் கரைசலை ஓட விடுவார்கள். புரதம் படியப் படியத் தகடு கனத்து, வினாடிக்கான அதிர்வு எண்ணிக்கை குறைகிறது. ஒரு ஹேர்ட்ஸ் குறைந்தால் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 17.7 நானோகிராம் ஏறியுள்ளது என்று கணக்கிடலாம். 1959 இல் சவர்பிரே என்பவர் தந்த சமன்பாடு இது. புரதத்தோடு பிணைந்த நீரையும் இந்த நிறுவை சேர்த்தே நிறுக்கும் என்பதை மறவாதீர்கள். அதனால் ஒளிவழி அளவீடுகளோடு ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி: கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறோம். அதுபோல நம் பனையின் ஒடியல் மாவிலிருந்து குருதிக்கு ஏற்ற பூச்சுச் செய்யலாமா? – வாசகர், பளை

பதில்: உள்ளே பூசும் மெல்லிய படை உள்ளிருக்கும் திரவத்தின் போக்கையே மாற்றும் என்று நீங்கள் கண்டது சரியானது, ஆனால் சுண்ணாம்பு கரைந்து கருப்பநீரோடு கலந்து வேலை செய்கிறது, குருதிப் பூச்சோ கரையாமல் நிற்க வேண்டும். மாப்பொருள் நீரில் ஊதிப் பருக்கும். குருதியிலுள்ள அமிலேசு நொதியம் அதை வெட்டும். சோளம், உருளைக்கிழங்கு மாப்பொருளை மாற்றியமைத்துக் குருதியின் கனவளவைக் கூட்ட நாளத்தில் ஏற்றிய மருந்தொன்று, சிறுநீரகத்தைப் பாதிப்பதாகத் தெரிந்ததால், 2013 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கடும் எச்சரிக்கைக்கு உள்ளானது. மேலும் பனையின் பாகங்களில் மாப்பொருள் மட்டும் இல்லை. பனம்பழக் களியின் கசப்புக்குக் காரணமானவை சபோனின் வகைப் பொருட்கள். சபோனின்களில் பல, செங்குழியத்தின் மென்சவ்வை உடைக்கக்கூடியவை. ஆகவே பனையின் எந்தப் பாகத்திலிருந்து பெற்ற மாப்பொருளும், சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பால் கரையாததாக்கப்படும் முன்னரே, உடன் வந்த பிற பொருட்களிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே குவார்ட்சுத் தகட்டில் அதைப் பூசி அல்புமினையும் பைபிரினோஜனையும் ஓட்டிப் பார்ப்பதில் பொருள் உண்டு.