மூன்று படங்களில் இருக்கும் இந்தச் சின்ன மஞ்சள் பறவை எது?

நீங்கள் போட்டிருக்கும் பறவை மாம்பழச்சிட்டு. அதிலும் பெண் பறவை. இந்தியாவில் எடுத்தது, சிட்டுக்குருவி அளவு, இலைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, கூண்டிலிருந்து தப்பிய கேனரியா அல்லது தேன்சிட்டா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. ஏன் என்று படம் படமாகச் சொல்கிறேன், அடுத்த முறை உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதல் படம்தான் மூன்றிலும் அழகானது. கீழிருந்து எடுத்திருக்கிறீர்கள், தொண்டையிலிருந்து வால் அடி வரை ஒரே மஞ்சள். ஆனால் அதை மட்டும் அனுப்பியிருந்தால் என்னால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அதை வைத்து இரண்டு பறவைகளைத்தான் கழிக்கலாம். வெள்ளைக்கண்ணிக்குத் தொண்டையும் வால் அடியும் மஞ்சள், நடு வயிறு சாம்பல் கலந்த வெள்ளை. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண்ணுக்கு மார்பு மஞ்சள், தொண்டை வெளிறியிருக்கும். ஆனால் ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்கு அடிப்பக்கம் கிட்டத்தட்ட முழுக்கவே மஞ்சள்தான். அதைக் கழிக்க அலகு தெரிய வேண்டும். இந்தப் படத்தில் அலகு நேராகக் கேமராவைப் பார்க்கிறது. அந்தக் கோணத்தில் வளைந்த அலகும் நேரானதுபோலத்தான் தெரியும்.

இரண்டாவது படம் ஆடிவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு விடை சொன்னதே அந்தப் படம்தான். பறவை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நேரானது, கூரானது, அடிப்பக்கம் ஓரளவு தடித்தது. தேன்சிட்டுக்கு அலகு ஊசிபோல மெலிந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும், பூவுக்குள் விட்டுத் தேன் குடிப்பதற்கென்றே ஆனது. கேனரிக்கு விதை உடைக்கும் குட்டையான கூம்பு அலகு. தூக்கணாங்குருவிக்கும் தடித்த கூம்பு அலகுதான். உங்கள் பறவையின் அலகு இலையிடுக்கில் இருக்கும் புழுவைக் கொத்தி எடுக்கும் அலகு. படம் எவ்வளவு ஆடியிருந்தாலும் இந்த வடிவம் மறைவதில்லை.

மூன்றாவது படத்தில் முதுகைக் காட்டுகிறது. கருமை கலந்த இறக்கையின் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள். மாம்பழச்சிட்டுக்கு இதுதான் முத்திரை. வால் பச்சை கலந்த மஞ்சளாக இருப்பதால் பெண் என்கிறேன். ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் பல இடங்களில் தலையும் முதுகும் நல்ல கறுப்பாகிவிடும். அந்தக் காலம் முடிந்து தலைக் கறுப்பு போனாலும் வால் மட்டும் கறுப்பாகவே இருக்கும். அதனால் ஆணா பெண்ணா என்ற சந்தேகம் வந்தால் நான் முதலில் வாலைத்தான் பார்ப்பேன்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மஞ்சள் பறவை என்றதும் எல்லோரும் மஞ்சளிலேயே நின்றுவிடுகிறோம். இலைகளுக்கு நடுவே எடுத்த படத்தில் இலையின் பச்சை பறவையின் வயிற்றில் ஏறிவிடும். வெயில் நேராக அடித்தால் மஞ்சள் வெளுத்து வெள்ளையாகிவிடும். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் அதே பறவை பழுப்பாக நிற்கும். ஒருமுறை நெற்றி மட்டும் ஆரஞ்சாக இருந்த ஒரு சின்னப் பறவையைப் படம் எடுத்துவிட்டு, அது என்ன இனம் என்று இரண்டு நாள் தேடினேன். எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு பறவை இல்லை. அப்புறம் அன்றைக்கு எடுத்த மற்ற படங்களைப் புரட்டியபோது, அதே பறவை ஒரு பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. நெற்றியில் இருந்தது மகரந்தம்! பறவை வெள்ளைக்கண்ணி. அந்த மற்ற படங்களை நான் அழித்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். அன்றிலிருந்து ஒரு பறவையை அடையாளம் கண்டுபிடிக்கும்வரை அதன் எந்தப் படத்தையும் நான் அழிப்பதில்லை. நீங்களும் அழிக்க வேண்டாம்.

எங்கே எடுத்தது என்று சொன்னீர்களே, அது பெரிய உதவி. இதே மஞ்சள் பறவை வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் என் பட்டியலே வேறு. கேனரிப் பறவை இயல்பாகவே காட்டில் வாழ்வது அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் கேனரி, அசோர்ஸ், மதீரா தீவுகளில்தான். இந்தியாவில் பார்த்தால் அது கூண்டுப் பறவைதான். மாதமும் சொன்னால் இன்னும் நல்லது. குளிர்காலத்தில் வலசை வரும் கதிர்க்குருவிகளிலும் மஞ்சள் வயிற்றோடு சில உண்டு. அவற்றுக்குக் கண்ணுக்கு மேல் ஒரு வெளிர் கோடு ஓடும், உங்கள் பறவைக்கு அது இல்லை.

செயலியில் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. நானும் பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்லும் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், காட்டும் பெயர்களையெல்லாம் எடுத்து அலகையும் இறக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் வெட்டாத மூலப் படத்தையே கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் இலையை வைத்துத்தான் அளவை ஊகிக்க முடியும்.

பெண் அங்கே இருந்தால் ஆணும் பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு. அதே மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று காது கொடுங்கள். நீளமாக இழுத்த ஒரு விசில், கடைசியில் சட்டென்று சுருதி இறங்கும். இனப்பெருக்கக் காலமாக இருந்தால் ஆண் மேலே எழும்பி, உடம்பு இறகையெல்லாம் சிலிர்த்து ஒரு பஞ்சுருண்டை மாதிரி ஆகி, சுழன்றுகொண்டே கீழே இறங்கும். அது கிடைத்தால், ஆடிய படமாக இருந்தாலும் சரி, இங்கே போடுங்கள்.