1918இல் உலகமெங்கும் பரவிய ஃப்ளூவில் இறந்தவர்களை வைரஸ் மட்டும்தான் கொன்றதா?

இல்லை. பாதுகாத்து வைத்திருந்த அன்றைய நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி பார்த்து 2008இல் சொன்னது, பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று. மூச்சுக்குழாயின் உள்பக்கம் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. ஃப்ளூ வைரஸ் அந்தச் செல்களைச் சிதைத்துவிட்டால், மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகள் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 1918இல் பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின் மருந்தும் கிடையாது, 1928இல்தான் கண்டுபிடித்தார்கள்.

அதற்காகச் சளி பிடித்ததுமே ஆன்டிபயாடிக் போடாதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஏறி, மூச்சும் வாங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள்.