எஃகு அச்சின் கணக்கு: ஆக்‌ஷன் ஃபிகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மனக்குறைகள். ஒரே உடலுக்கு வேறு நிறம் பூசி விற்கிறார்கள், தேடும் வில்லன் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, படம் ஓடி முடிந்த பிறகே பொம்மை வருகிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும் இவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சு. கேள்விகளைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: இவற்றைப் பொம்மை என்று சொன்னால் சேகரிப்பவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயர் எப்படி வந்தது?

தமிழில் பொம்மை என்ற ஒரு சொல் கொலுப்படியில் இருப்பதையும், குழந்தை இடுப்பில் வைத்துக்கொள்வதையும், துணிக்கடை வாசலில் நிற்பதையும் ஒருசேரத் தாங்கும். ஆங்கிலத்தில் ‘டால்’ என்ற சொல் சிறுமியரின் விளையாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1964இல் அமெரிக்காவின் ஹாசன்ஃபெல்ட் பிரதர்ஸ் நிறுவனம் (பின்னாளைய ஹாஸ்ப்ரோ) ஜி.ஐ. ஜோ என்ற படைவீரனை ஏறக்குறைய ஓரடி உயரத்தில், 21 அசையும் பாகங்களோடு கொண்டுவந்தபோது, மகனுக்கு ‘டால்’ வாங்கித்தர எந்தத் தந்தையும் முன்வரமாட்டார் என்று அஞ்சியது. அதைத் தவிர்ப்பதற்காக, உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய டான் லெவின் தரப்பு இந்தப் புதுப்பெயரைக் கையாண்டது. மனித உடலின் வடிவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பதால், போலிகளை அடையாளம் காண அவன் கன்னத்தில் ஒரு தழும்பையும், வலக்கைக் கட்டைவிரலின் தவறான பக்கத்தில் நகத்தையும் வைத்திருந்தார்கள்.

பெயர்ச் சண்டை அத்தோடு முடியவில்லை. இறக்குமதி வரி தொடர்பான வழக்கில் ஜி.ஐ. ஜோவும் ‘டால்’தான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் கூறிவிட்டது. 2003இல் டாய் பிஸ் நிறுவனமோ, தன்னுடைய எக்ஸ்-மென் (பிறவியிலேயே அசாதாரண ஆற்றல் பெற்ற காமிக்ஸ் பாத்திரங்கள்) உருவங்கள் மனிதர்களைக் குறிப்பவை அல்ல, ஆகவே அவை ‘டால்’ ஆகா என்று பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் வாதிட்டு வென்று, குறைந்த வரிக்குத் தகுதி பெற்றது. எக்ஸ்-மென் கதைகள் முழுவதும் ‘நாங்களும் மனிதர்களே’ என்று மன்றாடும் கதைகள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் சுவை புரியும்.

கேள்வி: ஓர் உருவம் ஓவியமாக இருந்து கடைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? கணினி இருந்தும் ஏன் இத்தனை தாமதம்?

பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை. முதலில், வரும் ஆண்டில் எத்தனை உருவங்கள், எந்த விலையில், எந்தெந்தக் கதாபாத்திரங்கள் என்ற பட்டியலைத் திட்டப் பிரிவு முடிவு செய்கிறது. எத்தனை புதிய அச்சுகள் வெட்டலாம் என்ற வரம்பும் அப்போதே குறிக்கப்பட்டுவிடும். பின்னர் முன், பின், பக்கவாட்டுத் தோற்றங்களைக் காட்டும் வரைபடம் தயாராகி, அதைப் பார்த்துச் சிற்பி உருவத்தைச் செதுக்குகிறார். முன்பு மெழுகிலோ களிமண்ணிலோ, நுணுக்கம் கெடாதிருக்கப் பெரும்பாலும் இருமடங்கு அளவில் செதுக்கிப் பிறகு சுருக்குவார்கள். இப்போது இந்த வேலை பெரும்பாலும் திரையிலேயே நடந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரியாக வெளிவருகிறது. ஒவ்வொரு படியிலும் கதாபாத்திரத்தின் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். திரைப்படமென்றால் நடிகரின் முகச்சாயல்வரை தனி ஒப்புதல் தேவைப்படுவதுண்டு.

கணினியால் குறைந்தது சிற்பியின் நேரம் மட்டுமே. அதன் பிறகு பொறியாளர், உருவத்தை எங்கே இரண்டாகப் பிளந்தால் அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வரும், எந்தப் பாகம் கடினமான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வர வேண்டும், எது வளையும் பி.வி.சி.யில் வர வேண்டும் என்று முடிவு செய்கிறார். எஃகு அச்சை வெட்டுவதற்கே பல வாரங்கள் பிடிக்கும். அதிலிருந்து வரும் முதல் வார்ப்புகள் கையில் கிடைத்த பிளாஸ்டிக்கின் நிறத்தில் இருக்கும்; அவற்றை வைத்து மூட்டுகளைத் திருகிப் பார்த்து, எஃகைத் திருத்தி, வண்ணம் பூசும் முறையை உறுதி செய்து, பாதுகாப்புச் சோதனைகளை முடித்து, கப்பலேற்ற வேண்டும்.

திரைப்பட உருவங்களுக்கு இந்தக் காலக்கணக்கு கூடுதல் சோதனை. படம் முடிவதற்கு வெகுமுன்பே, தொடக்கநிலை ஓவியங்களைப் பார்த்து அவற்றைச் செதுக்க வேண்டியிருப்பதால்தான், திரையில் ஒரு நொடிகூட வராத உடையோடு சில நாயகர்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள். தாமதத்தின் தலைசிறந்த உதாரணம் 1977. ஸ்டார் வார்ஸ் மே மாதம் வெளிவந்தது. உரிமை பெற்றிருந்த சின்சினாட்டியின் கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஓர் உருவத்தைக்கூடத் தயாரித்து முடிக்க முடியவில்லை. ஆகவே அது உருவங்களுக்குப் பதிலாக ஓர் உறுதிச்சீட்டு அடங்கிய அட்டை உறையை விற்றது. சீட்டை அனுப்பியவர்களுக்கு லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நால்வரும் 1978இல் தபாலில் வந்து சேர்ந்தார்கள். வெறும் அட்டையை விலை கொடுத்து வாங்கவைத்த அந்தத் துணிச்சலை வணிக வகுப்புகளில் பாடமாகவே வைக்கலாம்.

கேள்வி: ஒரே உடலை நிறம் மாற்றி மூன்று பெயர்களில் விற்பது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். சோம்பலாகச் செய்யும்போது அப்படித் தோன்றுவது உண்மைதான்.

ஓர் உருவத்துக்கான எஃகு அச்சுத் தொகுதிக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும். அதில் பத்தாயிரம் உருவங்களை வார்த்தாலும் ஒரு லட்சம் உருவங்களை வார்த்தாலும் அச்சின் விலை ஒன்றுதான். எத்தனை முறை பயன்படுகிறதோ அந்த அளவுக்கு ஒவ்வோர் உருவத்தின் மீதும் விழும் சுமை குறைகிறது. ஆகவே வரிசையைத் திட்டமிடுகிறவர், இந்த உடல் இன்னும் யார் யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுகிறார். சேகரிப்பவர்கள் ‘பக்’ என்று அழைக்கும் பொது உடல் இப்படிப் பிறந்ததுதான். அதன்மேல் புதுத் தலை, புதுக் கையுறை, புது இடைவார் என்று சிறு பாகங்களை மட்டும் புதிதாக வெட்டினால் புதியவர் ஒருவர் தயார்.

இதைக் கலையாகவே வளர்த்தவர்கள் உண்டு. மாட்டெல் 1982இல் தொடங்கிய ஹீ-மேன் வரிசையில் பெரும்பாலோருக்கு ஒரே தசைக்கட்டு உடல். நாயகன் ஏறிச்செல்லும் பச்சைப் புலி, அதே நிறுவனத்தின் பிக் ஜிம் என்ற பெரிய உருவ வரிசைக்கு முன்பே செய்திருந்த புலி. பிக் ஜிம்முக்கு அளவாயிருந்த அது ஹீ-மேன் பக்கத்தில் மிகப் பெரிதாகத் தெரிந்ததால், சேணம் பூட்டி வாகனமாக்கிவிட்டார்கள். 1985இல் வந்த மாஸ் மேன், பழைய பீஸ்ட் மேன் உடலின் மீது பச்சைத் துகள் ஒட்டிப் பைன் மர வாசனை சேர்த்த உருவம். ஸ்டிங்கோர், மெர்-மேனின் தலையும் மெக்கனெக்கின் கவசமும் சேர்ந்து பச்சோலி வாசனையோடு வந்த உருவம். செலவில்லாமல் கிடைத்த பழைய பாகங்களுக்கு ஒரு வாசனையைக் கூட்டியதும் குழந்தைகளின் கண்ணுக்கு அவை முற்றிலும் புதியவை ஆகிவிட்டன.

இன்னோர் உதாரணம், வாகனமாக உருமாறும் ரோபோக்களின் வரிசையான 1984இன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ். ஜப்பானின் தகாரா நிறுவனத்தின் டயாக்லோன் வரிசையில் இருந்த எஃப்-15 விமான அச்சிலிருந்தே ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் ஆகிய மூவரும் வந்தார்கள். அடுத்த ஆண்டு இறக்கைகளை மாற்றி மேலும் மூவர். ஆனாலும் ஸ்டார்ஸ்கிரீமின் துரோக குணமும் கீச்சுக் குரலும் நினைவிருக்கும் எவருக்கும் அவன் மற்ற இருவரில் ஒருவன் என்று தோன்றாது. பாத்திரப் படைப்பு வலுவாக இருந்தால் நிறம் மாறிய பிளாஸ்டிக்கும் தனி ஆளாகிவிடுகிறது. அது இல்லாதபோதுதான் உங்களுக்கு வரும் கோபம் நியாயமாகிறது.

வண்ணப் பூச்சிலும் இதே சிக்கனம் உண்டு. ஒவ்வொரு வண்ணத் தீற்றலும் தனிச் செலவு என்பதால், 1982இன் ஜி.ஐ. ஜோ வரிசையில் மொத்தச் செலவை வரம்புக்குள் அடக்க, ஓர் உருவத்தை வண்ணமே பூசாமல் முழுக் கறுப்பாக விட்டுவிட்டார்கள். முகமும் குரலும் இல்லாத அந்த உருவம்தான் ஸ்னேக் ஐஸ். பின்னாளில் வரிசையிலேயே அதிகம் விரும்பப்பட்டவர்களில் ஒருவன் ஆனான்.

கேள்வி: மூன்றே முக்கால் அங்குலம், ஆறு அங்குலம் என்ற அளவுகளை யார் தீர்மானித்தார்கள்?

வாகனங்கள் தீர்மானித்தன என்று சொல்லலாம். ஓரடி உயர வீரன் உட்காரும் விண்கலத்தைச் செய்தால் அது வீட்டுக் கூடத்தை அடைத்துவிடும். ஸ்டார் வார்ஸில் கலங்களே பாதி ஈர்ப்பு என்பதால், கென்னரின் பெர்னார்ட் லூமிஸ் காலத்தில் உருவங்களை மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கினார்கள். அந்த அளவில் இருந்தும், கென்னரின் மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் சுமார் அரை மீட்டர் நீளத்தோடு நிறுத்தப்பட்டது. உண்மை விகிதத்தில் செய்திருந்தால் ஆள் உயரத்தைத் தாண்டியிருக்கும். ஆறு அங்குலம் வயதுவந்த சேகரிப்பாளரின் அளவு: முகச்சாயலும் மூட்டுகளும் துல்லியமாக வரும், வாகனமில்லாமலே அலமாரியில் நிற்கும். 2002இல் டாய் பிஸ் தொடங்கிய மார்வெல் லெஜெண்ட்ஸ் இந்த அளவை நிலைநிறுத்தியது. 2013இல் ஹாஸ்ப்ரோவின் பிளாக் சீரிஸ் ஸ்டார் வார்ஸையும் அதற்குள் கொண்டுவந்தது.

கேள்வி: நாயகன் கடை முழுக்கத் தொங்குகிறான்; துணைப்பாத்திரம் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. வேண்டுமென்றே பற்றாக்குறையை உண்டாக்குகிறார்களா?

கடைக்காரர் உருவங்களைத் தனித்தனியாக வாங்குவதில்லை. எட்டோ பன்னிரண்டோ கொண்ட அட்டைப்பெட்டியாக வாங்குகிறார். உள்ளே யார் எத்தனை என்ற விகிதத்தை நிறுவனம் முன்பே அடைத்து அனுப்புகிறது. பாட்டி வீட்டுக்கு வரும் பேரனுக்குப் பரிசு வாங்கும் பெரியவர் கேட்பது நாயகனைத்தான் என்பதால் அவன் இரண்டு இருப்பான், மற்றவர்கள் ஒவ்வொன்று. முதல் பெட்டியில் வந்த துணைப்பாத்திரத்தைச் சேகரிப்பவர்கள் காலையிலேயே எடுத்துப்போய்விட, எஞ்சிய நாயகர்கள் கொக்கியிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்கள் விற்காதவரை கடைக்காரர் அடுத்த பெட்டியைத் தருவிக்க மாட்டார். அடுத்த தொகுதி வராமலே போவதும் உண்டு. இது சதியன்று, தவறிப்போன கணிப்பு.

வேண்டுமென்றே செய்த காலமும் உண்டு. 1990களின் நடுவில் பிளேமேட்ஸ் நிறுவனம் தன் ஸ்டார் டிரெக் வரிசையில் விண்கலத் தலைவன் பிக்கார்டின் ஒரு வடிவத்தை, அந்தத் தொடரின் விண்கலப் பதிவெண்ணைக் குறித்து, 1701 மட்டுமே செய்தது. முழு வரிசையையும் சேர்த்து வந்தவர்கள் அதற்குமேல் நிறைவுசெய்யவே முடியாது என்று கண்டபோது கொதித்தெழுந்தார்கள். ‘எல்லாம் என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லும் வாய்ப்பு பறிபோனால், தொடர்ந்து வாங்குவதற்கான காரணமும் போய்விடுகிறது. என் கணிப்பில் அது வடிவமைப்புப் பிழையைவிடப் பெரிய பிழை.

கேள்வி: ஆறு உருவங்களை வாங்கினால் ஏழாவதன் கை, கால் கிடைக்கும் முறை எதற்கு?

யாரும் தனியே வாங்கத் தயங்கும் பாத்திரத்தை விற்பதற்கு. மார்வெல் லெஜெண்ட்ஸ் 2005இல் கலாக்டஸ் என்ற பேருருவை இப்படித் துண்டுகளாக்கித் தொகுதி முழுவதிலும் பிரித்து வைத்தது. உருவம் பெரிதென்பதால் ஒரே பெட்டியில் விற்றால் விலை உயரும். பிரித்தால் அந்தச் செலவு பல உருவங்களின் விலையில் கரைவதோடு, மந்தமாக விற்கக்கூடிய துணைப்பாத்திரமும் கைக்காகவோ காலுக்காகவோ விற்றுப்போகும்.

கேள்வி: ஸ்டார் வார்ஸ் பாத்திரமான போபா ஃபெட்டின் முதுகிலுள்ள ராக்கெட் உண்மையில் பறக்குமா?

பறக்கும் என்றுதான் கென்னர் 1979இல் விளம்பரப்படுத்தியது. அதற்குச் சற்று முன்பு, மாட்டெலின் பேட்டில்ஸ்டார் காலக்டிகா கலத்திலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்திருந்தான். ஆகவே கென்னர் ராக்கெட்டை உடலோடு ஒட்டியே அனுப்பியது. ஏவும் அமைப்போடு எஞ்சிய மாதிரி உருவங்கள் ஏலத்தில் லட்சம் டாலருக்கும் மேல் போயிருக்கின்றன. 1980 முதல் அமெரிக்காவில், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருளின் எந்தப் பாகமும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுவதுமாக அடங்கிவிடக் கூடாது என்ற விதி நடைமுறையில் உள்ளது.

கேள்வி: ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லேப் போன்ற முன்பணத் திட்டங்களை நம்பலாமா?

எஃகு வெட்டுவதற்கு முன்பே, வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வழி அது. 2018இல் ஸ்டார் வார்ஸ் வில்லன் ஜப்பாவின் பாய்மரக் கலத்துக்கு 5,000 பேர் தேவை என்று ஹாஸ்ப்ரோ அறிவித்தது. விலை ஏறக்குறைய 500 டாலர், நீளம் நான்கடி. 8,810 பேர் சேர்ந்தார்கள். 2021இல் ரான்கார் என்ற அரக்கனுக்கு 9,000 பேர் வேண்டியிருந்தது. எண்ணிக்கை எட்டாததால் திட்டம் கைவிடப்பட்டது. கடையில் ஒருபோதும் நிற்காத அளவுள்ள பொருளுக்கு மட்டுமே இம்முறை பொருந்தும். சாதாரண உருவத்துக்கே முன்பணம் கேட்கும் நிறுவனத்திடம் நான் சற்று விலகியே நிற்பேன்.

கேள்வி: என் தம்பியின் பழைய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோவுக்கு வெளிநாட்டவர் ஒருவர் நல்ல விலை சொல்கிறார். நம்மூர்ப் பொருளுக்கு ஏன் இந்த மவுசு?

மறுபடியும் அச்சுதான் காரணம். எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் 1987இல் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டாகத் தொடங்கியது. அமெரிக்காவில் வேலை முடிந்த அச்சுகள் பிரேசிலின் எஸ்ட்ரேலா போன்ற நிறுவனங்களுக்குப் போனதைப் போலவே இங்கும் வந்தன. அதே உடல் இங்கே வேறு பிளாஸ்டிக்கில், வேறு நிறத்தில், சில நேரங்களில் அமெரிக்காவில் காணாத நிறச் சேர்க்கையோடு வார்க்கப்பட்டது. முழு வரிசையையும் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேறுபாடே தேடலின் சுவை. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க வணிகர்கள் இவற்றைக் கணிசமாகத் தருவித்ததும் அதனால்தான். அட்டை பிரியாமல் இருந்தால் விலை ஏறும். பிரிந்திருந்தால், கைவிரல்களும் இடுப்பு இணைப்பும் உடையாமல் இருக்கின்றனவா, அந்த உருவத்துக்குரிய துப்பாக்கி கூட இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டபின் விலை பேசுங்கள்.