அமெரிக்க அடிமை முறை: படிக்கும்போது இடறும் சொற்கள் – கேள்வி-பதில்

கேள்வி: 'அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு' என்பது சுரங்க ரயிலா?

பதில்: ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்து வடக்கே அனுப்பிய ஆட்களின் வலைப்பின்னல் அது. ஒளிந்த வீடு 'ஸ்டேஷன்', வழிகாட்டியவர் 'கண்டக்டர்'. 1849-ல் மேரிலாந்திலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன், திரும்பத் திரும்ப அங்கே போய்ச் சுமார் 70 பேரை மீட்டு வந்தார்.

கேள்வி: வட மாநிலங்களில்தான் அடிமை முறை இல்லையே, அப்புறம் ஏன் கனடா வரை ஓடினார்கள்?

பதில்: 1850-ல் வந்த 'தப்பியோடிய அடிமைகள் சட்டம்' காரணம். வடக்கே பாஸ்டனில் பிடிபட்டாலும் ஆளைத் திருப்பி அனுப்பலாம். விசாரிப்பவர் 'கமிஷனர்'. ஜூரி கிடையாது, பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்லவும் முடியாது. உரிமையாளர் பக்கம் தீர்ப்பு வந்தால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர். ஆளை விடுவித்தால் 5 டாலர். காகித வேலை கூடுதல் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்! அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

கேள்வி: உள்நாட்டுப் போர் பற்றிப் படிக்கையில் மனிதர்களையே 'கான்ட்ராபேண்ட்' என்கிறார்களே?

பதில்: 1861 மே மாதம், வர்ஜீனியாவில் வடதரப்புப் படையின் கையில் இருந்த மன்ரோ கோட்டை. தனி நாடு என்று பிரிந்துபோன தென்தரப்பின் படைக்கு அரண் கட்டிக்கொண்டிருந்த மூன்று அடிமைகள் தப்பி அங்கே வந்து சேர்ந்தார்கள். உரிமையாளர் தரப்பிலிருந்து ஆள் வந்து, மேலே சொன்ன அதே சட்டத்தைக் காட்டிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலில் வக்கீல். 'நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு?' என்ற பாணியில் மடக்கினார். நீங்கள் சொல்கிறபடி இவர்கள் சொத்து என்றால், எதிரிப் படைக்குப் பயன்படும் சொத்தைப் பறிமுதல் செய்யலாமே என்பது அவர் வாதம். போரில் அப்படிப் பறிமுதல் செய்யத்தக்க சொத்துதான் 'கான்ட்ராபேண்ட்'. கெட்டிக்கார வாதம்தான், ஆனால் மூவரையும் அது சொத்தாகவே வைத்திருந்தது. அடைக்கலம் கிடைத்தது, சட்டப்படி விடுதலை கிடைக்கவில்லை.

கேள்வி: லிங்கன் 1863-லேயே விடுதலை அறிவித்துவிட்டாரே, அரசியலமைப்பின் 13-வது திருத்தம் எதற்கு?

பதில்: அந்த அறிவிப்பு கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும். லிங்கன் பக்கம் நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு அது பொருந்தாது. நாடு முழுக்கத் தடை வந்தது 1865 டிசம்பரில், திருத்தத்தின் மூலம். திருத்த வாசகத்தை முழுதாகப் படியுங்கள்: குற்றத்துக்கான தண்டனை என்றால் கட்டாய உழைப்பு செல்லும் என்று ஒரு விலக்கு இருக்கிறது. சிறைக் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்ட முறை அந்த விலக்கின் நிழலில் வளர்ந்தது. அலபாமாவில் அது 1928 வரை நடந்தது.