மார்கழிச் சென்னையில் நான்கு நாட்கள்: தக்கலை வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: தக்கலையில் வசிக்கிறோம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பமாகச் சென்னை சென்று நான்கு நாட்கள் தங்க எண்ணியுள்ளோம். எழுபது வயதைக் கடந்த என் மாமியாருக்குக் கர்நாடக இசையில் மிகுந்த ஈடுபாடு. கல்லூரியில் படிக்கும் மகள் பரதநாட்டியம் பயில்கிறாள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு இவை இரண்டிலும் நாட்டமில்லை. எந்தத் தேதிகளில் செல்வது நல்லது? டிசம்பர் இசை சீசன் கச்சேரிகளுக்கு, அவற்றை நடத்தும் சபாக்களில் உறுப்பினர் அல்லாதவர்கள் போக முடியுமா? ஊரைச் சுற்றுலாப் பேருந்தில் பார்ப்பதா, நாமே சுற்றிப் பார்ப்பதா?

பதில்: தேதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் சென்னையிலிருந்து நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வரும் ரயில்களில் நிற்க இடமிருக்காது. புத்தாண்டு முடிந்ததும் அதே கூட்டம் இங்கிருந்து திரும்பும். நீங்கள் டிசம்பர் 25 அல்லது 26 இரவு கிளம்பி 30-ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து திரும்பினால் இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்வீர்கள். மியூசிக் அகாடமியின் இசை விழா டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கி ஜனவரி 1-ஆம் தேதி வரை நடப்பது வழக்கம் என்பதால் சீசனின் நிறைவான நாட்களும் இவையே. ஒன்றை மட்டும் முதலில் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டமும் திருவாதிரையும் சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசியிலும் சில ஆண்டுகளில் ஜனவரித் தொடக்கத்திலும் வருகின்றன. அந்த நாளில் ஊரில் இருக்க வேண்டும் என்று மாமியார் நினைப்பவராக இருந்தால் டிக்கெட் எடுத்த பிறகு அது தெரியவருவது நல்லதல்ல.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 26 பயணத்துக்கு அக்டோபர் 27 காலை எட்டு மணிக்கும், 30-ஆம் தேதித் திரும்பும் பயணத்துக்கு அக்டோபர் 31 காலையும் உட்கார வேண்டும். தக்கலைக்காரர்கள் நாகர்கோவில் சந்திப்பு வரை போய்க் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் பிடிப்பதைப் பார்க்கிறேன். கொல்லத்திலிருந்து வரும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறையிலும் இரணியலிலும் நிற்கிறது என்பதால் உங்களுக்கு இரணியலே வசதி. வந்தே பாரத் பகலில் ஓடினாலும் பிற்பகலில் நாகர்கோவிலை விட்டு இரவு வெகுநேரம் கழித்தே எழும்பூரை அடைகிறது. புது ஊரில் அந்நேரத்தில் முதியவரை அழைத்துக்கொண்டு விடுதி தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாமியாருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ பயணம் செய்தால் மட்டுமே கிடைக்கும். ஆகவே அவருக்குத் தனி டிக்கெட் எடுத்து, அதே பெட்டியில் மற்ற நால்வருக்கும் இன்னொன்று எடுப்பதே வழி. உங்களுக்கும் 45 கடந்திருந்தால் இருவர் பெயரையும் ஒரே டிக்கெட்டில் சேர்க்கலாம். வாங்கும்போது கடைசி நிலையம் எழும்பூரா தாம்பரமா என்பதையும் பாருங்கள். தாம்பரம் என்றால் அங்கிருந்து புறநகர் மின்ரயில் இருக்கிறது, ஆனால் பெட்டி படுக்கையோடு மாறி ஏற வேண்டியிருக்கும்.

தங்குமிடத்தை எழும்பூரில் எடுக்கவே பலரும் விரும்புகிறார்கள், ரயிலை விட்டு இறங்கியதும் அறை என்ற ஒரே காரணத்துக்காக. நீங்கள் மயிலாப்பூரிலோ ஆழ்வார்பேட்டையிலோ இராயப்பேட்டையிலோ தங்குங்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும் கபாலீசுவரர் கோயிலும் சிறிய ஆட்டோ தூரத்தில் உள்ளன, கிருஷ்ண கான சபா தியாகராய நகரில் இருக்கிறது. மதியக் கச்சேரி முடிந்ததும் மாமியார் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுத்துவிட்டு மாலைக் கச்சேரிக்கு வர இயலுமா என்பதுதான் அறையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல். வெளிநாடுகளிலிருந்து சீசனுக்கென்றே வருவோர் இந்தப் பகுதிகளில்தான் தங்குவதால் ரயில் டிக்கெட் உறுதியான அன்றே அறையையும் உறுதிசெய்யுங்கள்.

இனிக் கச்சேரிகள். உறுப்பினர் அல்லாதோர் போக முடியுமா என்ற உங்கள் கேள்விக்குத் தாராளமாகப் போகலாம் என்பதே பதில். சபாக்களின் ஒருநாள் நிகழ்ச்சி ஒரே கச்சேரியாக இருப்பதில்லை. காலையில் உரையும் செய்முறை விளக்கமும், நண்பகலையொட்டி இளம் கலைஞர்களின் கச்சேரி, பிற்பகலில் இன்னொன்று, நான்கு மணியளவில் ஒன்று, இரவு ஏழு மணியை ஒட்டி முதன்மைக் கச்சேரி என்று நாள் முழுவதும் நீளும். இவற்றில் காலை உரைகளுக்கும் பகல் கச்சேரிகளுக்கும் பெரும்பாலான சபாக்களில் கட்டணமே கிடையாது. முன்னதாக வருபவருக்கு முன்னதாக இடம். மாலை, இரவுக் கச்சேரிகளுக்குத்தான் டிக்கெட். அதில் சீசன் டிக்கெட்டுகள் போக மீதமுள்ளவற்றைத் தினசரி டிக்கெட்டாக இணையத்திலும் சபா வாசலிலும் விற்கிறார்கள். விலை குறைந்த பின்வரிசை, மாடி இடங்கள்தான் முதலில் தீரும். மாமியாருக்கு மாடிப்படி ஒத்துவராது என்றால் தரைத்தளம் என்று கேட்டு வாங்குங்கள்.

புகழ்பெற்ற பெயர்களை மட்டும் துரத்திக்கொண்டு ஒரே இரவில் இரண்டு சபாக்களுக்கு ஓடுவது வீண். ஓர் இரவுக்கு ஒரு முதன்மைக் கச்சேரி, அதற்கு முன் பகலில் ஒரு இலவசக் கச்சேரி, இந்த அளவே உங்கள் குடும்பத்துக்குப் போதும். பகல் கச்சேரிகளைக் காசில்லாதவர்களுக்கான இரண்டாந்தரம் என்று எண்ண வேண்டாம். நாளை இரவுக் கச்சேரிக்கு ஏறப்போகிறவர்கள் இன்று அங்கேதான் பாடுகிறார்கள், கூட்டமும் இரைச்சலும் குறைவு. இரவுக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் முதலிய தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் வழக்கத்தையும் அங்கே பார்ப்பீர்கள். மிருதங்கக்காரரிடம் அது காட்டும் மரியாதைக் குறைவு எனக்கு இன்றுவரை ஏற்புடையதாக இல்லை. வெளியேறித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் எழுங்கள்.

பத்மநாபபுரத்து சரஸ்வதி அம்மன் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருளும்போது நவராத்திரி மண்டபத்தில் நடக்கும் கச்சேரிகளை உங்கள் மாமியார் கேட்டிருக்கக்கூடும். அந்த மண்டபத்தின் அடக்கத்தை எதிர்பார்த்து வந்தால் சபாவில் கைதட்டலும், ஒலிபெருக்கியும், கதவு திறந்து மூடுவதும் முதல் நாள் தொந்தரவாக இருக்கும். அவருக்குத் தமிழ்ப் பாடல்களே விருப்பம் என்றால் 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தோற்றுவித்த தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் பிற்பகுதியில் பாரிமுனைப் பகுதியின் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும், அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழக்கூடியவராக இருந்தால் ஒரு நாள் மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனை மரபை அங்கே இன்னும் கேட்கலாம். சிவன் தம் இளமையில் திருவனந்தபுரத்தில் படித்தவர் என்பதையும் நம் பக்கத்துக்காரர்கள் நினைவில் கொள்ளலாம்.

சபா கேன்டீன்களைப் பற்றிப் பலரும் கச்சேரியை விட நீளமாகப் பேசுவார்கள். டிக்கெட் இல்லாதவர்களும் பெரும்பாலும் உள்ளே சாப்பிடலாம், இலைச் சாப்பாட்டுக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். மீன்குழம்பு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் இரவு உணவை வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சபா அரங்குகளில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். மாமியாருக்கு ஒரு சால்வை பையிலேயே இருக்கட்டும்.

மகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. மியூசிக் அகாடமியின் நாட்டிய விழா இசை விழா முடிந்து ஜனவரி முதல் வாரத்தில்தான் தொடங்கும். உங்கள் தேதிகளில் அது கிடைக்காது. ஆனால் வேறு பல சபாக்கள் டிசம்பரிலேயே நாட்டிய நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் நிறுவி, இப்போது திருவான்மியூரில் இயங்கும் நாட்டிய, இசைப் பள்ளியான கலாக்ஷேத்ராவின் ஆண்டு விழாவும் வழக்கமாக இந்தக் காலத்தை ஒட்டியே வரும். அங்குள்ள அரங்கம் கேரளக் கோயில்களின் கூத்து அரங்கமான கூத்தம்பலத்தின் பாணியில் கட்டப்பட்டது. பத்மநாபபுரம் அரண்மனையை அடிக்கடி பார்க்கும் ஒருவருக்கு அந்த மரக்கூரை அந்நியமாகத் தெரியாது. நிகழ்ச்சி நிரல்கள் நவம்பர் இறுதியிலிருந்து சபாக்களின் இணையதளங்களிலும் நாளிதழ்களிலும் வரத் தொடங்கும், அப்போதுதான் எந்த மாலை எங்கே என்று முடிவு செய்ய முடியும்.

சுற்றுலாப் பேருந்தா, நாமேவா என்ற கேள்விக்கு என் கருத்து இது: நகருக்குள் நீங்களே சுற்றுங்கள். வாலாஜா சாலையில் உள்ள தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஒருநாள் நகர்ச் சுற்றுலா ஒழுங்கானதே, ஆனால் அது பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தேடிவந்த கச்சேரிகள் அந்தப் பகலில்தான் நடக்கின்றன. அதனால் ஒரே ஒரு நாளைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒதுக்கி, அன்று மட்டும் வாடகைக் காரோ கழகப் பேருந்தோ வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னிந்திய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பழைய திருவிதாங்கூர்ப் பகுதி வீடும் அதில் உண்டு. பிறகு மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் அருச்சுனன் தபசும் 1984 முதல் உலக மரபுச் சின்னங்கள். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடந்துகொண்டிருந்தால் மகளின் பொருட்டு மாலையையும் அங்கேயே கழிக்கலாம், அன்று மாமியாருக்கு இரவுக் கச்சேரி கிடையாது.

இன்னொரு நாள் வடக்கே. புனித ஜார்ஜ் கோட்டையும், அங்குள்ள அருங்காட்சியகமும், 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயமும் முற்பகலுக்கு. மாலையில் ராஜா அண்ணாமலை மன்றம் அருகிலேயே இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் நெரிசலில் சிக்காமல் போய்விடலாம். தட்சிணசித்ராவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை; கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. உங்கள் தேதிகள் எந்தக் கிழமையில் விழுகின்றன என்று பார்த்துத் தெற்கு நாளையும் வடக்கு நாளையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மகனைச் சபாவுக்குள் இரண்டு மணி நேரம் கட்டிப்போடுவது அவனுக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தண்டனை. பகலில் பாட்டியும் அம்மாவும் கச்சேரியில் இருக்கும்போது அப்பாவோடு அவன் கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கத்துக்குப் போகட்டும், தமிழிலும் காட்சிகள் உண்டு. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசியின் புத்தகக் காட்சி சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசியிலேயே நந்தனத்தில் தொடங்கிவிடும், சில ஆண்டுகளில் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். தொடங்கியிருந்தால் ஒரு முழு மாலை அவனுடையது. மெரினாவை அவசியம் என்று எண்ண வேண்டாம். முட்டம், சொத்தவிளைக் கடற்கரைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதில் புதிதாக இருப்பது கூட்டம் மட்டுமே.

மழையைப் பற்றி ஒரு சொல். 2015-இலும் 2023-இலும் சென்னையை மூழ்கடித்த மழை டிசம்பர் தொடக்கத்தில் பெய்தது. மாதக் கடைசியில் பருவமழை பொதுவாகத் தணிந்துவிடும். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதையும் நாம் கண்டோம், நம் ரயில்பாதை நெல்லை வழியாகத்தான் செல்கிறது. ஊர் திரும்பிய மறுநாளே தவிர்க்க முடியாத வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி நாள் அறையைக் காலி செய்ததும் பெட்டிகளை எழும்பூர் நிலையத்தின் பொருள் காப்பகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பூட்டில்லாத பையை ஏற்க மாட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டால், நிலையத்திலிருந்து சிறிது தொலைவிலேயே 1851-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வெண்கலச் சிற்பக் கூடத்தில் சோழர்காலத்து நடராசர்களை மகள் நின்று பார்க்கட்டும். திரும்புவதும் அனந்தபுரியில் என்றால் ரயில் இரவில்தான், மாலை ஐந்து மணிக்கு அருங்காட்சியகம் மூடும்வரை அவசரமில்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்றால் அது மாலையிலேயே கிளம்பிவிடும், ஆகவே நான்கு மணிக்கெல்லாம் நடைமேடையில் இருங்கள்.